'கேன்சர் செல் இல்லை'ன்னா கேன்சர் இல்லைன்னு அர்த்தம் இல்லை

1. நெஞ்சுல தண்ணி கோத்திருக்குன்னு எக்ஸ்ரேயில தெரிஞ்ச உடனே, எந்த டெஸ்ட்டும் இல்லாம ஆறு மாச டிபி மாத்திரை. டெஸ்ட் பண்ணி "கேன்சர் செல் இல்லை"ன்னு வந்தா, அதோட ஃபைலை மூடிடறது. இந்த ரெண்டு பழக்கத்தையும் நாம நிறுத்தியே ஆகணும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

2. முதல்ல, தண்ணி நுரையீரலுக்கு உள்ளே இல்லை. நுரையீரலைச் சுத்தி ப்ளூரான்னு ரெண்டு மெல்லிய உறை இருக்கு. அதுக்கு நடுவுல ஓரிரு ஸ்பூன் நீர் எல்லாருக்கும் உண்டு. அது லிட்டர் கணக்குல சேரும்போதுதான் மூச்சு வாங்குது.

3. இது நோயோட பேர் இல்லை, அறிகுறி. இதயம், கிட்னி, கல்லீரல் பழுதானாலும் சேரும். நிமோனியா, டிபி, புற்றுநோயிலும் சேரும். எந்த வகைன்னு பிரிக்க, நீரில் உள்ள புரதத்தையும் எல்டிஹெச்சையும் ரத்தத்தோட ஒப்பிடணும். 1972-ல ரிச்சர்ட் லைட் சொன்ன வழி. இன்னைக்கும் அதுதான் அடிப்படை.

4. நம்ம நாட்டுல புரதம் அதிகமுள்ள நீருக்கு முக்கியக் காரணம் டிபிதான். அதனால டிபியைச் சந்தேகப்படறது தப்பே இல்லை. சோதிக்காம முடிவு பண்றதுதான் தப்பு. ஏடிஏ அளவு 40-க்கு மேல இருந்தா டிபிக்கு வாய்ப்பு அதிகம். ஆனா லிம்போமா புற்றுநோயிலும், சீழ் கட்டினாலும் அது ஏறும்.

5. இப்ப என் கோபத்துக்கு வரேன். ஒரு லிட்டர் நீரை எடுத்துட்டு, லேபுக்கு 5 மில்லி அனுப்பி, மிச்சத்தைக் கொட்டிடறோம். புற்றுசெல் தேட 25 முதல் 50 மில்லியாவது வேணும். கையில இருந்த ஆதாரத்தை நாமே கொட்டிட்டு, "ஒண்ணும் தெரியலை"ன்னு ரிப்போர்ட் வாங்கறோம்.

6. சரியா அனுப்பினாலும், புற்றுநோயால நீர் சேர்ந்த 100 பேர்ல ஏறக்குறைய 60 பேருக்குத்தான் செல் சிக்கும். மீசோதீலியோமா மாதிரி ப்ளூராவிலேயே தொடங்கும் புற்றுல அதைவிட ரொம்பக் குறைவு. வலை வீசி மீன் கிடைக்கலைன்னா ஏரியிலயே மீன் இல்லைன்னு ஆகிடுமா?

7. அப்ப அடுத்து என்ன? சந்தேகம் இருந்தா சிடி ஸ்கேன், இன்னொரு முறை நீர் சோதனை. அதுவும் சிக்கலைன்னா உறையிலிருந்தே பயாப்சி, முடிஞ்சா தோராகோஸ்கோப்பி மூலமா. மூணாவது, நாலாவது தடவையும் நீரையே எடுத்து அனுப்பறதுல பெரிய பலன் இல்லை.

8. "கூட்டம் அதிகம், நேரம் இல்லை"ம்பாங்க. நானும் அதே கூட்டத்துலதான் வேலை பார்க்கறேன். 5 மில்லிக்கும் 50 மில்லிக்கும் ஊசி ஒண்ணுதான். ஜவ்வாது மலையிலிருந்து பஸ் மாறி வர்றவரை "மறுபடி வாங்க"ன்னு அனுப்பினா, அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு.

9. "புற்றுநோயால நீர் சேர்ந்தா முத்தினதுதானே, கண்டுபிடிச்சு என்ன?" இதுதான் மோசமான வாதம். நுரையீரல் புற்றுன்னா நாலாம் நிலைதான், உண்மை. ஆனா நீரிலிருந்து செல் பிளாக் செஞ்சா ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் பார்க்கலாம். இருந்தா மாத்திரையே முதல் சிகிச்சை. மார்பகம், சினைப்பை, லிம்போமான்னு ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. திரும்பத் திரும்ப நீர் சேராம தடுக்கவும் வழி உண்டு. மூச்சு விட முடியற ஒவ்வொரு மாசமும் அந்தக் குடும்பத்துக்குப் பெருசு.

10. "ஊசி பட்டா புற்று பரவும்"னு பயந்து மறுக்காதீங்க. அந்தப் பயத்தால தள்ளிப்போற நாள்லதான் நோய் வளருது.

11. நோயாளியா நீங்க கேட்க வேண்டியது நாலே கேள்வி:
எவ்வளவு நீர் அனுப்பினீங்க?
ஏடிஏ எவ்வளவு?
செல் பிளாக் செஞ்சாங்களா?
டிபி மாத்திரை தொடங்கியும் நீர் திரும்பச் சேர்ந்தா அடுத்த திட்டம் என்ன?
கேட்கறது உங்க உரிமை. கோபப்படற டாக்டர்கிட்டயும் கேளுங்க.

12. பணம்னு தயங்காதீங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லைன்னா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல விசாரிங்க. காஞ்சிபுரம் காரப்பேட்டையில அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கு, சென்னையில 1954-லிருந்து அடையாறு இருக்கு.

13. சக டாக்டர்களுக்கு ஒண்ணே ஒண்ணு: அடுத்த தடவை நீர் எடுக்கும்போது, கொட்டறதுக்கு முன்னாடி லேப் பாட்டிலை நிரப்புங்க.