காசு கொடுத்துக் கூட்டம் சேர்க்காதே கண்ணு



நம்ம சோமனூரில் விசைத்தறி ஓட்டும் என் பழைய மாணவன் ஒருத்தன் யூடியூப் சேனல் ஆரம்பிச்சிருக்கான். தறிக் கூலியில் மிச்சம் பிடிச்ச 8,000 ரூபாயை அதன் விளம்பரத்துக்குக் கட்டிட்டான். "பார்வை 20 ஆயிரம் தாண்டிருச்சுங்க சார்"னு சந்தோஷமாச் சொன்னான். போய்ப் பார்த்தேன். கருத்து எழுதினது ரெண்டே பேர். அதில் ஒருத்தன் நான்!

கண்ணு, விதியைப் படிச்சியா? நீளமான வீடியோவுக்கு வருமானப் பங்கு வேணும்னா 1,000 சந்தாதாரர், 12 மாசத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேணும். காசு கட்டி விளம்பரமா ஓடின நேரம் அந்தக் கணக்கில் சேராது!

கடை வச்சிருக்கிறவர் விளம்பரம் கொடுக்கட்டும், சரக்கு வித்தாப் போட்ட காசு திரும்பும். நீ எதை விக்கிறே?

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-ல் ஆரம்பிச்ச வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் 1 கோடி சந்தாதாரரைத் தொட்டுது. ஜனம் திரும்பத் திரும்ப வந்தது அந்தச் சமையலைப் பார்க்க.

அந்த 8,000-ல் நல்ல மைக் வாங்கியிருந்தா, தறிச் சத்தத்துக்கு நடுவே உன் பேச்சாவது கேட்டிருக்கும். பாவு பிணைக்கிறதை நிதானமாக் காட்டு. பத்துப் பேருக்கு நானே அனுப்புறேன், காசில்லாம.