தவறவிட்ட காய்க்கே மறுபடி அடி

பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதையும் சிறுதேர்வையும் விளையாட்டாக நடத்தலாமா என்று கேட்டால் இன்று யாரும் கூடாது என்பதில்லை. பயிற்சி கொடுப்பவர்களும் செயலி விற்பவர்களும் ஒரே குரலில் ஆடச் சொல்கிறார்கள். எந்த மாதிரி ஆட்டம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வடசென்னையின் மாநகராட்சிப் பள்ளிகளையும் உதவி பெறும் பள்ளிகளையும் மனத்தில் வைத்து இதை யோசித்தால், நமக்குப் பழகிப்போன வினாடி வினா பாணி ஆட்டம், எந்தப் பிள்ளைக்கு வேண்டுமோ அந்தப் பிள்ளைக்குத்தான் மிகக் குறைவாகப் பயன்படுகிறது. பதில் தெரிந்தவன் முந்திக்கொண்டு கை தூக்குகிறான். தெரியாதவள் முதல் சுற்றிலேயே வெளியேறிச் சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டுகிறாள். வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கிறது. திருப்புதல் மட்டும் நடக்கவில்லை.

தேர்வு என்பது படித்ததை அளக்கும் கோல் மட்டுமல்ல, படிக்கும் வழியும்கூட. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியை இரண்டாம் முறை படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது கூடுதலாகச் சொன்னார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பக்கத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ, ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். இவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது. திரும்பப் படித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான். மனம் தேடிப் பிடித்து வெளியே எடுப்பதுதான் பாடத்தை நிலைநிறுத்துகிறது. அப்படியானால் ஒரு நல்ல திருப்புதல் ஆட்டத்துக்கு அளவுகோல் எளிது: எத்தனை பிள்ளைகள், எத்தனை முறை, தாமாகத் தேடி விடை எடுத்தார்கள்? நாற்பது பேர் வகுப்பில் ஐந்து பேர் மட்டும் அதைச் செய்திருந்தால், அந்த மணி நேரத்தில் மற்ற முப்பத்தைந்து பேர் பார்வையாளர்கள்.

வடசென்னையில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. துறைமுகத்திலும் மீன்பிடித் துறைமுகத்திலும் மணலித் தொழிற்சாலைகளிலும் முறை வைத்து வேலை செய்யும் குடும்பங்களில், மாலையில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆள் இருப்பது அரிது. மழைக்காலம் வந்தால் பள்ளி நாள்களும் போய்விடுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. வேறு மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழே புதிதாகக் கற்றுக்கொண்டு அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் திருப்புதல் என்று ஒன்று நடந்தால் அது பள்ளி மணிக்குள்தான் நடக்க வேண்டும். அங்கேயும் ஓரம் கட்டப்பட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

ஆட்டத்தைப் பற்றி வடசென்னைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கேரம் உலக சாம்பியனாகி அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், வடசென்னைப் பெண். போட்டியில் கேரம் விதி இரக்கமில்லாதது: காயைப் பாக்கெட்டில் போட்டவரே தொடர்ந்து அடிப்பார், தவறவிட்டவர் ஸ்டிரைக்கரை எதிராளியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். பயிற்சி அப்படி நடப்பதில்லை. தவறிய காயை அதே இடத்தில் திரும்ப வைத்து, விழும்வரை அடிக்க வேண்டும். போட்டியில் வல்லவருக்குக் கூடுதல் அடி; பயிற்சியில் தவறவிட்டவருக்கே கூடுதல் அடி. நம் வகுப்பறை ஆட்டங்கள் போட்டியைப் பார்த்து எழுதப்பட்டவை. திருப்புதலுக்கு வேண்டியது பயிற்சியின் விதி.

இந்த விதியில் ஒரு பள்ளி நடத்த முடியும் என்று இதே மாநகராட்சி ஒருமுறை காட்டியிருக்கிறது. 2003இல், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும், 2007-08இல் மாநிலம் முழுமைக்கும் போனது. பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், சின்னங்கள் அச்சிட்ட அட்டைகளை எடுத்துக்கொண்டு ஏணிப்படி போல் அடுக்கிய பாடங்களில் அவரவர் வேகத்தில் ஏறினார்கள். அந்த ஏணிக்குள்ளேயே மதிப்பீட்டு அட்டை இருந்தது. அதில் தடுக்கினால் குறைதீர் அட்டை. பிறகு மறுபடி முயற்சி. தனியாகத் தேர்வு நாளும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, ஆசிரியர்கள் திணறினார்கள், புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லையே என்று பெற்றோர் சந்தேகப்பட்டார்கள். குறைகள் உண்மையானவை. ஆனால் அவற்றோடு சேர்த்து, தவறினால் மறுபடி ஆடலாம் என்ற அந்த நல்ல ஏற்பாட்டையும் நாம் மெல்ல மறந்துவிட்டோம். 2022 ஜூனில், நகரின் வடக்கே அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து ஆடல் பாடலோடு கற்பிக்கிறது. பாராட்டலாம். ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றுவதே பெரிய வேலையாகிவிட்டது என்று ஆசிரியர் சங்கங்கள் குறைப்படுகின்றன. பதிவேட்டில் ஏறப்போகும் ஆட்டத்தில் எந்தப் பிள்ளையும் துணிந்து தப்பு செய்யாது.

விளையாட்டில் கற்றது பாடத்துக்கு வந்து சேருமா என்பதுதான் வலுவான ஆட்சேபம். இதைத் தள்ளிவிட முடியாது. டெல்லியில் பிரதம் அமைப்பின் முன்பருவப் பள்ளிகளில் கணித விளையாட்டுகளை ஆடவிட்டுச் செய்த ஆய்வு 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆட்டத்தில் பழகிய திறன் ஓராண்டுக்கு மேலும் நிலைத்தது. தொடக்கப் பள்ளிக் கணக்கில் மட்டும் அந்தப் பிள்ளைகள் முந்தவில்லை. சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025இல் ‘நேச்சர்’ வெளியிட்ட ஆய்வும் இதன் உறவுதான்: கொல்கத்தாவிலும் டெல்லியிலும் கடையில் மனக்கணக்காக விலை சொன்னவர்கள், அதே மாதிரிக் கணக்கைத் தாளில் தந்தபோது தடுமாறினார்கள். காசிமேட்டு மீன் ஏலத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று எண்ண இடமுண்டு. ஆகவே ஆட்டத்துக்குள்ளேயே எண்ணும் எழுத்தும் இருக்க வேண்டும். பரமபதக் கட்டத்தில் பாம்பு கடித்தால், இறங்கிய கட்டத்தின் கேள்விக்கு நோட்டில் எழுதி விடை கண்டுவிட்டுத்தான் அடுத்த உருட்டு என்று வைக்கலாம். பரமபதத்தின் அழகே அதில் யாரும் ‘அவுட்’ ஆவதில்லை என்பது. இறங்கியவருக்குக் கூடுதல் கேள்வி தானாகவே கிடைத்துவிடும்.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்பது அடுத்த மறுப்பு. முடித்த போர்ஷன் ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் போய்விடுமென்றால் முடித்தது யார், ஆசிரியரா மாணவரா? பாட வேளையில் கடைசிப் பத்து நிமிடம் போதும். நால்வர் குழு, ஒரு சீட்டுக்கட்டு அளவுக்குக் கேள்வி அட்டைகள், தவறிய அட்டை கட்டின் அடியில் போய் மறுபடி வரும். செலவு பழைய நாள்காட்டி அட்டைதான்; கைப்பேசியோ இணையமோ வேண்டாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விளையாட்டல்லவே என்றும் கேட்பார்கள். அல்லதான். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதப் பழக்க திருப்புதல் தேர்வுகள் அப்படியே இருக்கட்டும். இந்த அட்டைகள் எட்டாம் வகுப்பு வரையும், ஒன்பது, பத்தில் தேர்வுக்கு இடைப்பட்ட வாரங்களிலும் ஓடட்டும். மாதந்தோறும் நடக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், விளையாடவா அனுப்பினோம் என்று கேட்கும் பெற்றோரிடம் அந்த அட்டைக் கட்டைக் கொடுத்து, நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவித் தம் பிள்ளையிடமே கேட்கச் சொல்லலாம்.