பாங்காக் என்றால் எதற்கு அந்தச் சிரிப்பு?



பாங்காக் போய்வந்தேன் என்றால் நம் ஊர் ஆண்கள் சிலர் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். போன வாரம் கல்யாண வீட்டில், என்னோடு வேலை பார்த்த ஒரு சாரே "டீச்சர், நீங்களுமா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். 63 வயதில் தனியாகப் போய்வந்தவள் நான். அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஐந்து நாள் இருந்தேன். சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு, நம் டவுன் பஸ் மாதிரிதான். ஆபீஸ் போகிறவர்கள், சீருடைப் பிள்ளைகள், புத்த பிட்சுகள். (பிட்சுகளைப் பெண்கள் தொடக் கூடாது. நெரிசலில் நான்தான் ஒதுங்கி ஒதுங்கி நின்றேன்.) அதில் போய்த்தான் வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்திருக்கும் புத்தரைப் பார்த்தேன்.

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நம் ஆட்கள் கட்டியது. உள்ளே பெரும்பாலும் தாய்லாந்து மக்கள்தான். பூஜைத் தட்டை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு கல்லூரிப் பெண் எனக்கே சைகையில் சொல்லிக்கொடுத்தாள்!

அதைவிட, பழைய நகரத்தில் சிவப்புத் தூண்களோடு ராட்சத ஊஞ்சல் ஒன்று நிற்கிறது. பக்கத்திலேயே அரசவைப் பிராமணர்களின் கோயில். மார்கழி வாக்கில் அவர்கள் நடத்தும் விழாவுக்குப் பெயர் 'திரியம்பவாய்'. நம் திருவெம்பாவைதான் அப்படித் திரிந்திருக்கிறது. ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுவிட்டது, வழிபாடு நிற்கவில்லை. எத்தனை மார்கழி பிள்ளைகளைத் திருவெம்பாவை ஒப்பிக்க வைத்திருப்பேன், இது தெரியாமலே!

ஏமாற்றுக்காரர்களும் உண்டு. "இன்று அரண்மனை லீவு, துக்துக்கில் ஏறுங்கள், வேறு இடம் காட்டுகிறேன்" என்றார் ஒருவர். நேரே வாசலுக்குப் போனேன், திறந்துதான் இருந்தது.

அந்த மாதிரித் தெருக்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். வியட்நாம் போர்க்காலத்தில் ஓய்வெடுக்க வந்த அமெரிக்கச் சிப்பாய்களின் காசில் வளர்ந்தவை. இன்றைக்கு யார் காசில் நடக்கின்றன என்று சிரிக்கிறவர்கள் யோசிக்கட்டும். அங்கே நிற்கிற பெண்களும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு டீச்சரிடம் படித்த பிள்ளைகள்தானே.

ராத்திரி ஒன்பது மணிக்கு அதே சாலையில் கொய்யாப்பழத் துண்டுகளை வாங்கித் தின்றுகொண்டே தனியாக நடந்தேன். ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் அந்த நேரத்தில் அப்படி நிற்க முடியுமா?

வரும் மார்கழியில் மறுபடி போகலாம் என்றிருக்கிறேன். அந்த சாரின் மனைவி, "நானும் வரட்டுமா அக்கா?" என்கிறார்.