சைக்கிளுக்கு இடம் எங்கே?

தசரா வந்துவிட்டால் குலசேகரன்பட்டினத்துச் சாலைகளின் குணமே மாறிவிடும். வண்டிகளுக்கு மாற்றுப்பாதை, பொட்டல்களில் தற்காலிக வாகன நிறுத்தம், தற்காலிகப் பேருந்து நிலையம் என்று எல்லாம் வந்துவிடும். காருக்கு இடம் குறைந்துபோனதாக அப்போது யாரும் வழக்குப் பேசுவதில்லை. சாலையைத் தேவைக்குத் தக்கபடி கொஞ்ச நாளைக்குப் பிரித்துக்கொள்ள முடியும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

இதையே சைக்கிளுக்குச் செய்தால் மட்டும் ஏன் கோபம் வருகிறது? 2020இல், கொரோனா காலத்தில், மத்திய அரசு நகரங்களுக்குச் சைக்கிள் சவால் ஒன்றை அறிவித்தது. பெங்களூரு வெளிவட்டச் சாலையில் கம்பங்கள் நட்டுத் தற்காலிகப் பாதை பிரித்தார்கள். பைக்குகள் உள்ளே புகுந்தன, கம்பங்கள் உடைந்தன. காருக்கான இடத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்ற பேச்சும் எழுந்தது. காருக்கான இடம் என்று அதை எழுதிக்கொடுத்தது யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் நூற்றுக்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. கார், ஜீப், வேன் வைத்திருந்த வீடுகள் ஐந்துகூட இல்லை.

நமக்கு இந்த வாதம் புதிதல்ல. பொதுச் சாலையில் எல்லாரும் நடக்கலாம் என்று சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கிணறு, குளத்தோடு சாலையையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதன் பிறகும் ஊர்த்தெரு வந்ததும் என் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவார். தெரு முடிந்த பிறகு ஏறி மிதிப்பார். சங்கிலி கழன்றுவிட்டது என்று சின்ன வயதில் என்னிடம் சொல்லி வைத்திருந்தார். நானும் ரொம்ப நாள் நம்பினேன்.

இது பழங்கதை என்பவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் படிக்க வேண்டும். பட்டியலினத்தவர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் போடுவதில்லை. மாணவர்கள் இந்தப் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிகளில் கொடுக்கும் விலையில்லா சைக்கிள்கூட 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்றுதான் தொடங்கியது. பிறகுதான் எல்லாருக்கும் ஆனது. சைக்கிள் கைக்கு வந்தது, அதை ஓட்ட இடம் வரவில்லை. இந்தக் கடற்கரைப் பக்கம் உடன்குடியில் அனல்மின் நிலையம், குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம் என்று பெரிய வேலைகள். பெரிய வேலை என்றால் பெரிய லாரிகள். பின்னால் ஹாரன் கேட்டதும் தாரை விட்டு மண்ணில் இறங்க வேண்டியது சைக்கிள்தான். அன்றைக்கு சாதிக்கு இறங்கினோம், இன்றைக்கு வேகத்துக்கு இறங்குகிறோம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

சைக்கிள் பாதை என்றாலே கைதட்டவும் எனக்கு மனமில்லை. நகரங்களில் அது பல நேரம் ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சிக்காரர்களுக்கானதாகிவிடுகிறது. உப்பளத்துக்கு விடியுமுன் மிதிக்கும் தொழிலாளி எந்த வரைபடத்திலும் இல்லை. பாதை ஊர்வாசலில் தொடங்கி பஜாரில் முடிந்தால் காலனிக்கு அதனால் ஒன்றும் இல்லை. காலனி வாசலில் தொடங்கி, ஊர்த்தெரு வழியாகவே பள்ளிக்கூடம் வரை போக வேண்டும். சுற்றுப்பாதை போட்டுத் தந்தால் அது சலுகை மாதிரித் தெரியும், உண்மையில் பழைய விலக்குத்தான்.

செலவும் பெரிதில்லை. பள்ளி தொடங்கும் ஒரு மணி நேரம், விடும் ஒரு மணி நேரம், தசராவுக்கு வைக்கும் அதே தடுப்புகள், ஒரு வெள்ளைக்கோடு. மூன்று மாதம் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எந்தத் தெரு வழியாக என்பதையும் தெருப்பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.