எத்தனை மடங்கு?



ஐபிஎல் மினி ஏலத்தில் ஒரு விதி இருக்கிறது. வெளிநாட்டு வீரர் எத்தனை கோடிக்கு ஏலம் போனாலும் அவர் கைக்கு 18 கோடி ரூபாய்க்கு மேல் போகாது. மிச்சத்தைக் கிரிக்கெட் வாரியம் எடுத்துக்கொண்டு வீரர்கள் நலனுக்குச் செலவிடும். உள்ளூர் வீரருக்கு இந்த வரம்பு கிடையாது என்பது தனிக்கதை.

இந்த விதியைப் பற்றிப் படித்துவிட்டு நம் வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கேட்டு எழுதியிருக்கிறார்: "விளையாட்டில் முடிகிறது என்றால் நாட்டில் ஏன் முடியாது? ஒருவர் வருஷத்துக்கு இவ்வளவுதான் சம்பாதிக்கலாம் என்று சட்டம் போட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?" கடிதத்தை ஆசிரியர் குழுவில் வாசித்ததும் ஆளுக்கொரு கட்சி கட்டிவிட்டார்கள். அந்த வாக்குவாதத்தில் எனக்குத் தெளிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 1930 மார்ச் 2ஆம் தேதி, தண்டி யாத்திரைக்குப் பத்து நாள் முன்பு, காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். உப்பு வரிக்காக நினைவில் நிற்கும் அந்தக் கடிதத்தில் ஒரு சம்பளக் கணக்கும் உண்டு. வைஸ்ராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய். நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். சராசரி இந்தியனின் ஒருநாள் வருமானம் ஏறக்குறைய இரண்டணா. 700 ரூபாயை அணாவாக்கி இரண்டால் வகுத்துப் பாருங்கள், 5,600 வரும். காந்தி அடக்கமாக, ஐயாயிரம் மடங்குக்கு மேல் என்றார். பிரிட்டிஷ் பிரதமரோ தம் நாட்டுச் சராசரியைப் போலத் தொண்ணூறு மடங்குதான் வாங்குகிறார் என்று சொல்லிவிட்டு, உங்களைப் புண்படுத்துவது என் நோக்கமல்ல என்றும் சேர்த்துக்கொண்டார். கவனியுங்கள், 21,000 அதிகம் என்பதோடு அவர் நிற்கவில்லை. எத்தனை மடங்கு என்று பார்த்தார்.

அடுத்த ஆண்டு கராச்சி காங்கிரஸ், அரசு ஊழியர் எவருக்கும் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது என்று தீர்மானம் போட்டது. 1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை பதவியேற்றபோது அமைச்சர்கள் அந்த 500 ரூபாயைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் கோப்பு கொண்டுவந்து நின்ற ஐசிஎஸ் செயலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு வாங்கினார்கள். தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட வரம்பு என்பதால் அமைச்சர்கள் விஷயத்தில் அது செல்லுபடியானது. அடுத்தவர் வருமானத்துக்கு வைக்கும்போதுதான் சிக்கல்.

அந்தச் சோதனையையும் சுதந்திர இந்தியா செய்துபார்த்தது. உச்சவரம்பு என்ற பெயர் மட்டும் இல்லை. 1973-74இல் வருமான வரியின் மேல்தட்டு 85 சதவீதம். அதன்மேல் 15 சதவீதம் சர்சார்ஜ். கூட்டிப்பார்த்தால் 97.75. இரண்டு லட்சத்துக்கு மேல் சம்பாதித்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கையில் நின்றது இரண்டேகால் ரூபாய். இரண்டேகால் ரூபாய்க்காக யார் நூறு ரூபாயைக் கணக்கில் காட்டுவார்? சினிமா உலகத்தில் 'பிளாக்', 'ஒயிட்' என்று சம்பளத்தை இரண்டாகப் பிரித்துப் பேசும் பழக்கம் அந்தக் காலத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. வரியை ஒழுங்காகக் கட்டியவர் மாதச் சம்பளத்தில் பிடித்தம் போன உயர் அதிகாரிதான். கறுப்புப் பணத்தைப் பற்றி ஆராய்ந்த நீதிபதி வாஞ்சூ குழுவே விகிதத்தைக் குறைக்கச் சொன்னது. 1974இல் அது 77க்கு இறங்கியது. 1976இல் நம்மூர் சி. சுப்பிரமணியம் நிதியமைச்சராக இருந்தபோது 66 ஆனது.

அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட்டும் 1942இல், போர் நடக்கும்போது, வரி போக வருஷத்துக்கு 25,000 டாலருக்கு மேல் யாருக்கும் மிஞ்சக் கூடாது என்றார். சம்பளத்துக்கு மட்டுமாவது அந்த வரம்பை வைத்து ஓர் ஆணை போட்டார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

வருமானத்தை விடுங்கள், நிலத்துக்கு வரம்பு வைத்த கதையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நில உச்சவரம்பு 1961இல் முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970இல் பதினைந்து. நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, கிராம நிர்வாகக் கணக்கில் சர்வே நம்பரோடு படுத்துக் கிடக்கிறது. அதற்கே எத்தனை பினாமி, எத்தனை டிரஸ்ட்! பணம் ஒரு பொத்தானை அழுத்தினால் கடல் தாண்டிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பெரும் பணக்காரர்கள் சம்பளத்தில் வாழ்வதில்லை. முகேஷ் அம்பானி 2008-09 முதல் பத்தாண்டுக்கு மேல் தம் சம்பளத்தைத் தாமே 15 கோடியில் நிறுத்திவைத்திருந்தார். 2020-21 முதல் சம்பளமே வாங்கவில்லை. அதனால் அவர் ஏழையாகிவிட்டார் என்று யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பங்கின் மதிப்பு ஏறுகிறது, டிவிடெண்ட் வருகிறது. சம்பளத்துக்கு எவ்வளவு கடுமையான உச்சவரம்பு போட்டாலும் அவருக்கு ஒரு பைசா நஷ்டம் இருக்காது. மாட்டிக்கொள்பவர் இதய அறுவை சிகிச்சை நிபுணராகவோ, மென்பொருள் நிறுவனத்தின் நிர்வாகியாகவோ இருப்பார்.

அதனால் தொகைக்கு வரம்பு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் காந்தி கேட்ட 'எத்தனை மடங்கு' என்ற கேள்வியை விட்டுவிடவும் மனமில்லை.

அந்தக் கேள்வியைச் சட்டமாக்க முயன்ற நாடு சுவிட்சர்லாந்து. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு செய்தி அந்த நாட்டை உலுக்கியது. நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்தின் தலைவர் டேனியல் வாசெல்லா பதவி விலகுகிறார். போட்டி நிறுவனங்களுக்குப் போகாமல் இருப்பதற்காக அவருக்கு 7.2 கோடி பிராங்க் வரை தர ஏற்பாடு. வேலை செய்யாமல் இருக்க இவ்வளவு! கொதிப்பைப் பார்த்து அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் மார்ச் 3ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில், நிர்வாகிகளின் ஊதியத்தை முடிவு செய்யும் அதிகாரம் பங்குதாரர்களுக்கே என்ற யோசனைக்கு ஏறத்தாழ 68 சதவீதம் பேர் ஆதரவு தந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி இன்னொரு வாக்கெடுப்பு. இளம் சோஷலிஸ்டுகள் கொண்டுவந்தது. ஒரு நிறுவனத்தின் மிக உயர்ந்த சம்பளம் மிகக் குறைந்த சம்பளத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. அதாவது, கடைநிலை ஊழியர் ஒரு வருஷத்தில் வாங்குவதை முதலாளி ஒரு மாதத்துக்குள் வாங்கிவிடக் கூடாது. எனக்கு இந்த யோசனையில் பிடித்தது, இதில் தொகையே கிடையாது என்பதுதான். மேலே இருப்பவர் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம், கீழே இருப்பவரையும் கூட்டிக்கொண்டு ஏற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 65 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எட்டு மாதத்தில் கோபம் ஆறிவிட்டது என்று மட்டும் இதற்குக் காரணம் சொல்ல மாட்டேன். நிறுவனங்கள் நாட்டை விட்டுப் போனால் வரியும் ஓய்வூதிய நிதிக்கான சந்தாவும் போய்விடும் என்ற பயம் வேலை செய்தது. துப்புரவுப் பணியாளரையும் கேன்டீன்காரரையும் காண்ட்ராக்டில் தள்ளிவிட்டால், யாருக்கும் ஒரு காசு கூட்டாமலே மடங்கு குறைந்துவிடும் என்ற ஓட்டையும் இருந்தது.

அந்த ஓட்டை நமக்கு மிக அருகில் இருக்கிறது. நம் கம்பெனிச் சட்டம் 197ஆவது பிரிவின்படி பொது நிறுவனம் ஒன்று தன் இயக்குநர்கள் அனைவருக்கும் சேர்த்து நிகர லாபத்தில் 11 சதவீதம் வரை தரலாம், நிர்வாக இயக்குநர் ஒருவருக்கு 5 சதவீதம். பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு இதைத் தாண்டலாம். 2018 வரை மத்திய அரசின் ஒப்புதலும் தேவைப்பட்டது, இப்போது வேண்டியதில்லை. அதே பிரிவில் இன்னொரு விதி: ஊழியர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவதைப்போல ஒவ்வோர் இயக்குநரும் எத்தனை மடங்கு வாங்குகிறார் என்று பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியும் தரை துடைக்கும் அம்மாவும் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே இல்லை. அவர்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள்.

சட்டம் வேண்டும் என்றால் நான் கேட்பது இதுதான்: அந்த வரிசையில் அவர்களையும் நிறுத்துங்கள். அதன்பிறகு மடங்கு எவ்வளவு இருக்கலாம் என்று பேசுவோம். எங்கள் உதவி ஆசிரியருக்கு இது போதாது, பன்னிரண்டு என்று எழுதியே ஆக வேண்டும் என்கிறார். நம் பத்திரிகையில் எத்தனை மடங்கு என்றும் கேட்டார். ஆசிரியர் பன்னிரண்டைத் தொட இன்னும் சில பிறவி எடுக்க வேண்டும் என்று பதில் சொன்னேன்.

உங்களில் பலர் பங்கு வைத்திருப்பீர்கள். ஆண்டறிக்கை மின்னஞ்சலில் வரும்போது அழித்துவிடாமல் திறந்து பாருங்கள். இயக்குநர்கள் அறிக்கையின் இணைப்பில், பொடி எழுத்தில், அந்த மடங்குப் பட்டியல் இருக்கும். பெரிய நிறுவனமாக இருந்தால் செபி கேட்கும் பொறுப்புடைமை அறிக்கையில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், நிரந்தரமல்லாதவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கண்ணில் பட்டதை எங்களுக்கு எழுதுங்கள். வங்கி நண்பரே, உங்கள் கடிதத்தை முதலில் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்