துடைப்பத்தோடு போன கொம்பு



வீட்டைப் பெருக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம் என்று நாம் எல்லோரும் சொல்லுகிறோம். அந்த நல்ல பழக்கமே ஒரு நாள் என் சொந்த மகள் முன்னால் என்னைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டது. பிள்ளைகளை வளர்க்கிற இளம் தாய்மார்களுக்கு உபயோகப்படும் என்றுதான் அதை இங்கே எழுதுகிறேன்.

2022-ம் வருஷம் அது. என் மகள் பத்தாம் வகுப்பு. அரசுப் பரீட்சை வருஷம் என்றால் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். டி.வி.க்குத் துணி போட்டு மூடியாயிற்று. அந்தச் சமயம் பார்த்து தபாலில் ஒரு அட்டைப் பெட்டி வந்தது. சித்திரை விஷுவுக்குப் பெரியவர்கள் கொடுக்கும் கைநீட்டக் காசை இரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்து 1,850 ரூபாய்க்கு ஒரு ரோபோ பொம்மை வரவழைத்திருக்கிறாள்! எங்கள் வீட்டில் ஒரு மாதப் பால் கணக்கு அது. பெட்டியைத் திறந்தால் பொம்மையும் இல்லை. ஜன்னல் கம்பி மாதிரி நாலைந்து பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் காய் காய்த்தது போல நூற்றுக்கு மேல் துண்டுகள்.

"இது என்னம்மா?" என்றார் என் மாமியார்.

"கன்டம் ஆச்சி" என்றாள் இவள்.

கிழவி பதறிவிட்டார். "கண்டமா? எந்தச் சோசியக்காரன் சொன்னான்? பரீட்சை நேரத்துல பிள்ளைக்குக் கண்டம்னா சுசீந்திரத்துக்குப் போய் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தணுமே" என்று முந்தானையில் காசை முடிந்துவிட்டார். நாங்கள் சிரித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

சமாசாரம் இதுதான். 2020-ல் ஊரடங்கு வந்தபோது இவள் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் கைபேசிக்குள் வந்துவிட்டது அல்லவா? கூடவே ஜப்பான்காரர்களின் கார்ட்டூன் படமும் வந்து சேர்ந்தது. அதை அனிமே என்கிறார்கள். மனிதன் உள்ளே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற ராட்சத இயந்திரங்கள் வரும் கதைகளுக்கு மெக்கா என்று பெயர். அந்த வகையில் பேர்போனது கன்டம். 1979-ல் ஜப்பான் டி.வி.யில் வந்தது. தயாரித்தவர்களே பல பாகங்களை யூடியூபில் இலவசமாகப் போடுகிறார்கள். பேச்சு ஜப்பான் மொழி, கீழே இங்கிலீஷ் எழுத்து. அதை விடாமல் படித்துப் படித்தே இவளுக்கு இங்கிலீஷ் வேகமாக வாசிக்க வந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அன்றைக்கு நான் அதையெல்லாம் எண்ணிப் பார்க்கவில்லை. "படிச்சு முடிச்ச பிறகு செய் மக்ளே" என்றேன். அவளும் கேட்டாள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அரை மணி நேரம் மட்டும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து சேர்ப்பாள். பன்னிரண்டு நாளில் கால், உடம்பு, கை எல்லாம் வந்துவிட்டன. தலையில் வைக்கிற கொம்பு மட்டும்தான் பாக்கி. 'வி' எழுத்து மாதிரி மஞ்சளாக, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் வீடு பெருக்கி மெழுகினேன். கொம்பு குப்பையோடு போய்விட்டது.

சாயங்காலம் வந்து தேடினாள். பெருக்கினேன் என்று சொன்னேன். முகம் அப்படியே சுருங்கிவிட்டது. "ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்கா இந்த அழுகை? பரீட்சைக்கு இப்படி அழுதால் நன்றாக இருக்கும்" என்று நானும் சொல்லிவிட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அந்த ரோபோவைப் பெட்டியில் போட்டு மூடி பரணில் வைத்துவிட்டாள். ராத்திரி சாப்பிடவும் இல்லை.

படுத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தீப்பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

நான் பூதப்பாண்டியில் பிறந்தவள். 1980-களின் நடுவில், மூன்றாம் வகுப்பு பெரிய லீவுக்குத் திருவள்ளுவர் பஸ்ஸில் மெட்ராஸ் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேதான் தூர்தர்ஷனில் 'ஜயன்ட் ரோபோ' பார்த்தேன். உங்களில் நாற்பது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜானி என்கிற சின்னப் பையன் கைக்கடிகாரத்தில் பேசுவான். மலை போன்ற ரோபோ அவன் குரலுக்கு மட்டும் அடங்கி நடக்கும், பறக்கும், விரலிலிருந்து குண்டு விடும். அது கார்ட்டூன் இல்லை, ஆட்கள் வேஷம் கட்டி நடித்த படம். 1967-68-ல் ஜப்பானில் எடுத்தது, மொத்தம் 26 பாகம். கதையை உண்டாக்கியவர் மிட்சுதெரு யோகோயாமா என்கிற சித்திரக்கதை ஓவியர். இதெல்லாம் இப்போது மகள் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தப் பையன் கூப்பிட்டால் அது வரும்.

நாலைந்து பாகம் பார்ப்பதற்குள் லீவு முடிந்தது. கதையின் முடிவு தெரியாமலே ஊருக்கு வந்தேன். வந்த ஏக்கத்தில் நானே ஒரு ரோபோ செய்தேன். தீப்பெட்டி உடம்பு, பல்பொடி டப்பா மூடி தலை, சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாள் சட்டை, ஈர்க்குச்சி கை. அண்ணன்மார் நுங்கு வண்டி உருட்டினார்கள். நான் ஒருத்திதான் ரோபோவை வைத்துக்கொண்டு மணிக்கட்டில் பேசிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காணோம். "அந்தச் சவத்தையா? அடுப்புப் பற்றவைக்கக் காகிதம் இல்லை, போட்டுட்டேன். பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்குட்டி இரும்பு மனுசன்?" என்றாள் அம்மா. அடிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவளுக்கு அது தீப்பெட்டி, அவ்வளவுதான். பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. பத்தாம் வகுப்போடு தையல் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். அம்மா மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அன்றைக்கு அடுப்புக்கு முன்னால் நின்றது இன்னும் மறக்கவில்லையே!

நான் செய்ததும் அதுதானே? அம்மா அடுப்பில் போட்டாள், நான் துடைப்பத்தில் தள்ளினேன்.

விடிந்ததும் சுளவை எடுத்துக்கொண்டு புறவாசலில் தென்னை மூட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டுக் குப்பையெல்லாம் அங்கேதான் விழும். கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் புடைத்தேன். தூசி முன்னால் பறந்தது, மண்ணும் கல்லும் பின்னால் தங்கின. அரிசியில் உமி பிரிக்கிற கைதானே? ஒரு மணி நேரம் கழித்து வெங்காயச் சருகுக்கு நடுவில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கழுவித் துடைத்து அவள் காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். "அம்மா பார்க்காமப் பெருக்கிட்டேன் மக்ளே, தப்புதான்" என்றேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறோம். போகவில்லை சகோதரிகளே. அன்றைக்கு ராத்திரி பாயில் எனக்கும் ஒரு இடம் கிடைத்தது.

உட்கார்ந்து பார்த்தபிறகுதான் அது என்ன வேலை என்று தெரிந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் உண்டு. கையேட்டில் படம் பார்த்துத் தேடி, சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டின இடத்தில் நிற்கும் பிசிறைத் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்று அழுத்த வேண்டும். பசையே வேண்டாம். பிசிறு தேய்க்க அரம் இல்லாமல் திண்டாடினாள். என் நகம் தேய்க்கிற பட்டையைக் கொடுத்தேன், கச்சிதமாக வேலை செய்தது.

கன்டம் கதையையும் சொன்னாள். பதினைந்து வயசுப் பையன், அப்பா வடிவமைத்த இயந்திரத்தில் வேறு வழியில்லாமல் ஏறுகிறான். கையேட்டைப் புரட்டிக்கொண்டேதான் முதல் தடவை ஓட்டுகிறான். சண்டையில் அவனுக்குச் சந்தோஷமும் இல்லை. எதிரிக்கும் அழுவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது. முதலில் இந்தப் படத்தை ஜனங்கள் சரியாகப் பார்க்கவில்லையாம். 52 பாகம் என்று திட்டம் போட்டு 43-ல் முடித்துவிட்டார்கள். மறுபடி ஒளிபரப்பியபோதுதான் பேர் எடுத்தது. 1980 ஜூலையில் பண்டாய் கம்பெனி 300 யென்னுக்குப் பிளாஸ்டிக் பெட்டி போட்டதும் பிள்ளைகள் கடை வாசலில் குவிந்துவிட்டார்கள். "மார்க் குறைஞ்சதுன்னு பாதியில நிறுத்தினதும்மா இது" என்றாள் கடைக்கண்ணால் என்னைப் பார்த்து. பரீட்சைக்காரிக்கு வாய் இருக்கிறது பாருங்கள்!

என் வீட்டுக்காரருக்கு மட்டும் மனம் இளகவில்லை. அவருக்கு உதவினவர் இருவர். ஒருவர் நம் வள்ளுவர். 144-ல் ஒரு பங்கு என்று பெட்டியில் போட்டிருந்தது. கன்டத்தின் உயரம் 18 மீட்டர் என்று கதை, பொம்மை பன்னிரண்டரை சென்டிமீட்டர். "கன்னியாகுமரி வள்ளுவர் பீடத்தோட 133 அடி. இதே கணக்கில செஞ்சா எவ்வளவு வரும் சொல்லுங்கப்பா" என்றாள். அவர் காகிதத்தில் வகுத்துப் பார்த்து "பதினோரு அங்குலம்!" என்றார். அப்புறம் ஒரு வாரம் வீட்டில் சாமான் எல்லாவற்றையும் 144-ஆல் வகுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொருவர் எங்கள் தெரு அண்ணாச்சி. புவிசார் குறியீடு வாங்கின நம் ஊர்க் கோவில் நகையில் சிவப்புக்கல் பதிப்பவர், வடசேரியில் பட்டறை. பொம்மையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "கொள்ளாமே பிள்ளே! கை நடுங்காம வேலை செஞ்சிருக்கே" என்றார். மறுநாள் தன் பழைய சாமணம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தொழில்காரன் தன் கருவியைக் கொடுப்பது லேசான காரியமா? என் வீட்டுக்காரர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பில் முதல் மார்க் ஒன்றும் வாங்கவில்லை, நல்ல மார்க் வாங்கினாள். பன்னிரண்டு முடித்து 2025-ல் இயந்திரப் பொறியியல் படிக்கக் கோயம்புத்தூர் போய்விட்டாள். பொம்மை செய்கிற பிள்ளைகள் எல்லாம் இன்ஜினீயர் ஆகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. செய்கிற வேலையை மதித்தால் பிள்ளை நம்மோடு பேசும், அதைத்தான் சொல்லுகிறேன்.

போவதற்கு முந்தின ராத்திரி, "அம்மா, உங்க ஜயன்ட் ரோபோ முடிவு பாப்போமா?" என்று கைபேசியில் தேடி எடுத்தாள். கெட்டவர்களின் ராஜாவைச் சுட்டால் பூமியே வெடித்துவிடும் என்ற நிலைமை. ரோபோ அவனைத் தூக்கிக்கொண்டு ஆகாயத்துக்குப் பறக்கிறது. "திரும்பி வா, திரும்பி வா" என்று பையன் கடிகாரத்தில் கத்துகிறான். அவன் சொல் எல்லாவற்றுக்கும் அடங்கின ரோபோ அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்கவில்லை. விண்கல்லில் போய் மோதிவிடுகிறது. நாற்பது வருஷம் கழித்துத் தெரிந்த முடிவு. நான் அழுதேன். "ஒரு ரோபோவுக்கா இந்த அழுகை?" என்று என் வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுத்து, மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

இனி, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் உதவும் சில யோசனைகள்:

1. பெட்டியில் போட்டிருக்கும் வயசைப் பார்த்து வாங்குங்கள். மூன்று வயசுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் வைத்துச் செய்ய விடாதீர்கள். மேஜையில், விளிம்பு உயர்ந்த தாம்பாளத்துக்குள் வைத்துச் செய்யட்டும். துண்டும் தொலையாது.

2. கைக்குழந்தையின் தொண்டையில் ஏதாவது அடைத்தால் கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவாதீர்கள், உள்ளே போய்விடும். குழந்தை அழவோ இருமவோ முடியாமல் திணறினால், முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தடவை தட்டுங்கள். ஒருவர் உடனே 108-க்குக் கூப்பிடட்டும்.

3. வெட்டுவதற்குச் சிறிய இடுக்கி வெட்டி வாங்கிக் கொடுங்கள். முதல் வெட்டு துண்டிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டாவது ஒட்டி. பிளேடு வேண்டாம்.

4. பெயின்ட், தின்னர் உபயோகித்தால் காற்றோட்டமான திண்ணையில்தான். அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடவே கூடாது. கர்ப்பிணிகள் அந்த வாடையிலிருந்து விலகி இருங்கள்.

5. நல்ல வெளிச்சம் வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து தூரத்துத் தென்னையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

6. விலை அதிகம்தான். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு 2020-ல் இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023-ல் 70 ஆயிற்று. வருஷத்துக்கு ஒன்று, அதுவும் பிள்ளை சேர்த்த காசில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பழைய கல்யாணக் கார்டும் தீப்பெட்டியும் போதும். நான் சாட்சி.

7. பெருக்குவதற்கு முன்னால், "இது வேணுமா மக்ளே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த ரோபோ இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டி மேல் நிற்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் பழைய பெயின்ட் பிரஷால் தூசி தட்டுகிறேன். கொம்பைத் தொடுவதில்லை.