காமிராவுக்கும் ஆசாரமா?

எச்.டி.ஆர். என்று ஒரு முறை இருக்கிறது. காமிராவை அசைக்காமல் ஒரே காட்சியை, ஒளியின் அளவை மட்டும் கூட்டியும் குறைத்தும் மூன்று நான்கு தடவை படம் பிடிப்பது; பிறகு ஒவ்வொன்றிலும் நன்றாக விழுந்த பகுதிகளைச் சேர்த்து ஒரே படமாக்குவது. "இது போட்டோ அல்ல, கம்ப்யூட்டரின் கண்கட்டு வித்தை. புகைப்பட நுட்பங்களின் வரிசையில் இதைச் சேர்க்கக் கூடாது" என்கிறார்கள் சில ஆசாரசீலர்கள். ஒரு சொடுக்கு, ஒரு படம். அதற்குமேல் கை பட்டால் தீட்டு!

இந்த ஆசாரம் எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

புகைப்படக் கலையின் சரித்திரத்தில் நிச்சயமாக இல்லை. 1850களில் கஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலைப் படம் பிடித்தார். அன்றைய கண்ணாடித் தகடு நீல ஒளியை அளவுக்குமேல் குடித்துவிடும். அலை தெரிந்தால் வானம் வெறும் வெள்ளைத் தாள்; மேகம் தெரிந்தால் கடல் ஒரே இருட்டு. அதனால் அவர் வானத்துக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒரு நெகடிவ் என்று எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டார். ஆன்ஸல் ஆடம்ஸ் 1941-ல் ஹெர்னான்டஸ் என்ற ஊரில் எடுத்த நிலவுப் படத்தை எத்தனையோ முறை அச்சிட்டார். பிற்கால அச்சுகளில் வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கினார். அவரைப் போட்டோக்காரர் அல்ல என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்? அணுகுண்டு வெடிப்பைப் படம் பிடிக்க சார்ல்ஸ் விக்காஃப் வெவ்வேறு வேகமுள்ள மூன்று பூச்சுகளை ஒரே பிலிமில் அடுக்கினார். 1997-ல் டெபெவெக், மாலிக் இருவரும் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டியது, இந்தப் பழைய ஆசைக்கு ஒரு புதிய வழி. அவ்வளவுதான்.

சரி, ஒற்றைச் சொடுக்காவது உண்மை பேசுகிறதா? பட்டப்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் படம் எடுத்துப் பாருங்கள். பாட்டியின் முகம் தெரிந்தால் வெளியே தோட்டம் வெளுத்துப் போகும். தோட்டம் தெரிந்தால் பாட்டி கரிக்கட்டை. நம் கண்ணுக்கோ இரண்டும் தெரிகின்றன. கண்பாவை பாட்டிக்காக விரிகிறது, தோட்டத்துக்காகச் சுருங்குகிறது. மூளை இரண்டையும் ஒரே காட்சியாக்கிக் கொடுக்கிறது. அப்படியானால் பொய் சொன்னது யார்?

நாடகக் கொட்டகைத் திரையைப் போல வர்ணத்தை அள்ளிப் பூசிய எச்.டி.ஆர். படங்கள் எனக்கும் கண்ணைக் கூசத்தான் செய்கின்றன. ஆனால் குழம்பில் உப்புக் கூடினால் திட்ட வேண்டியது சமைத்தவரை, உப்பை அல்ல.

கோடு கிழிக்க வேண்டிய இடம் வேறு. லெ கிரேயே சில சமயம் ஒரே மேகத்தை வேறு வேறு கடல்களின் மேல் அச்சிட்டிருக்கிறார். அழகான படங்கள்தாம்; ஆனால் சாட்சி சொல்லத் தகுந்தவை அல்ல. அங்கே இருந்ததை மீட்பது ஒன்று. இல்லாததைக் கொண்டுவந்து வைப்பது இன்னொன்று. இல்லாத மனிதரையே படத்தில் நிறுத்திவிடும் இந்தக் காலத்தில், இரண்டையும் ஒரே கூண்டில் ஏற்றிப் பழித்தால் லாபம் யாருக்கு? பொய்யனுக்குத்தான்.